ட்ராக் கேட்கவில்லை, காணவில்லை, நகர்ந்துவிட்டது: எந்த முனையிலிருந்து பார்ப்பது?

யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது என் தொலைபேசிக்கு ஓய்வு இராது. 25 நாள் திருவிழா முடிவதற்குள் ஒரு பக்திப் பாடலையாவது வெளியிட்டுவிட வேண்டும் என்று, வீட்டு அறையில் ஒரு லப்டொப்பும் ஒரு மைக்குமாக வேலை செய்கிற பெடியள் இரவு பதினொரு மணிக்கும் எடுப்பார்கள். “அண்ணை, மிருதங்கம் கேக்கேல்லை.” “அண்ணை, நேற்றுப் பாடினதைக் காணேல்லை.” மைக் பழுதாகிவிட்டதோ, சவுண்ட் கார்ட் போய்விட்டதோ என்ற பயம் குரலிலேயே தெரியும். போய்ப் பார்த்தால் பொருள் எதுவும் பழுதாகியிராது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் குரலுக்கும் தனித்தனியாகப் பதிந்த வரிசைகள், அதாவது ட்ராக்குகள், நாற்பது பெயரில்லாமல் கிடக்கும். எது எங்கே போய்ச் சேருகிறது என்று போட்டவருக்கே தெரியாது.

தோட்டத்தில் தண்ணீர் மாறுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் பாத்தியைக் கிண்டிக்கொண்டு நிற்கமாட்டார். கிணற்றடியிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து வருவார். எந்த வாய் மண்ணால் கட்டப்பட்டிருக்கிறது, எங்கே வரம்பு உடைத்துக்கொண்டு வேறு பாத்திக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். ஒலியும் அப்படித்தான் போகிறது. கோப்பு, திரையில் அதைக் காட்டும் துண்டு, ட்ராக், ட்ராக்கை அடக்கிய ஃபோல்டர் அல்லது பல ட்ராக் வந்து சேரும் பஸ், பிறகு எல்லாம் கூடும் மாஸ்டர், பிறகுதான் ஸ்பீக்கர். கீழே சொல்வதெல்லாம் இந்த வழியில் நடந்து பார்ப்பதுதான். இங்கே என்னிடம் வருகிறவர்களிடம் ரீப்பர், எஃப்எல் ஸ்ரூடியோ என்ற ஒலிப்பதிவு மென்பொருள்கள்தான் கூட இருக்கின்றன என்பதால் அவற்றை வைத்தே எழுதுகிறேன். கியூபேஸ், ஏபிள்டன், லொஜிக் வைத்திருப்பவர்களுக்கும் வழி ஒன்றுதான், பொத்தான்கள்தான் வேறு.

‘பாட்டு ஓடுது, ஒரு ட்ராக் மட்டும் கேக்கேல்லை’

ஓடவிட்டு அந்த ட்ராக்கின் மீற்றரை, அதாவது ஒலி அளவு காட்டும் பட்டையை, பாருங்கள். அசைகிறதா, இல்லையா? வேறு எதையும் தொடமுன் இதற்குப் பதில் வேண்டும்.

அசையவில்லை என்றால் அடைப்பு ட்ராக்கிலோ அதற்கு மேலேயோ இருக்கிறது. ட்ராக் மியூட் (ஊமை) ஆகியிருக்கிறதா, வேறொரு ட்ராக்கில் சோலோ (அது மட்டும் கேட்கும் பொத்தான்) விழுந்திருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். துண்டைப் பார்க்க மறந்துவிடுவார்கள். ரீப்பரில் ஒவ்வொரு துண்டுக்கும் தனி மியூட் உண்டு. ட்ராக்கின் மியூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல்லவி கேட்கிறது, இரண்டாம் சரணத்தில் மட்டும் மிருதங்கம் இல்லை என்றால் கிட்டத்தட்ட எப்போதும் இதுதான். துண்டில் அலைக்கோடே இல்லாமல் வெறும் பெட்டியாக இருந்தால் கோப்பு அறுந்துவிட்டது. அதற்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். அலைக்கோடும் இருக்கிறது, மியூட்டும் இல்லை என்றால் ட்ராக்கிலுள்ள பிளகின்களை (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்களை) ஒருக்கா பைபாஸ் செய்யுங்கள், அதாவது வேலை செய்யாமல் நிறுத்துங்கள். உடனே சத்தம் வந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு, எதில் நிற்கிறது என்று பிடிக்கலாம்.

மீற்றர் அசைகிறது, காதில் விழவில்லை என்றால் அடைப்பு அதற்குக் கீழே. ட்ராக்கை அடக்கியிருக்கும் ஃபோல்டர் மியூட்டில் இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் அந்த ட்ராக்கின் ஒலி எங்கே போகிறது என்று காட்டும் ரூட்டிங் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மேலே ‘மாஸ்டர் அல்லது பேரன்ட் சென்ட்’ என்ற சிறிய கட்டம் இருக்கும். அதில் சரி அடையாளம் இல்லாவிட்டால் ட்ராக் நன்றாகவே ஓடும், ஆனால் எங்கேயும் போய்ச் சேராது. ரிவேர்ப் (எதிரொலி) பஸ் அமைக்கிறேன் என்று வெளிக்கிட்டு இந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு மறந்தவர்களைக் கனக்கப் பார்த்திருக்கிறேன்.

எஃப்எல் ஸ்ரூடியோவில் இன்னொரு குழப்பம் சேரும். பிளேலிஸ்ட்டில் நீங்கள் ‘வயலின்’ என்று பெயரிட்ட வரி மிக்சரில் இருக்கும் வயலின் அல்ல. வரி என்பது துண்டை வைக்கும் தட்டு மாத்திரம். ஒலி சனலிலிருந்து (ஒலியை எழுப்பும் இடம்) மிக்சரின் ஒரு வரிசைக்கு, அதாவது இன்செர்ட்டுக்கு, போகிறது. ஆகவே ஒலியை அடைக்கக்கூடிய பச்சை விளக்குகள் மூன்று இடத்தில் இருக்கின்றன: பிளேலிஸ்ட் வரியில், சனல் ராக்கில், மிக்சரில். மூன்றையும் பாருங்கள்.

‘ஃபேடரைக் குறைச்சாலும் சத்தம் குறையேல்லை’

எஃப்எல்லில் இதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே சொன்னதேதான். சனலுக்கு மிக்சர் எண் கொடுக்கப்படவில்லை. ஒலி நேராக மாஸ்டருக்குப் போகிறது. நீங்கள் வெறும் இன்செர்ட்டின் ஃபேடரை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சனல்களைத் தெரிவு செய்து, மிக்சரில் தொடக்க இன்செர்ட்டில் வலது கிளிக் செய்து, அங்கிருந்து வரிசையாக இணைக்கும் கட்டளையைக் கொடுத்தால் இணைந்துவிடும்.

ரீப்பரில் ஃபேடர் தானாகப் பழைய இடத்துக்கு ஓடினால் அங்கே ஒலி அளவைத் தானாக மாற்றும் வொல்யூம் ஒட்டோமேஷன் கோடு இருக்கிறது. ஃபேடரோடு மல்லுக்கட்டாமல் கோட்டைத் திருத்துங்கள். நாதஸ்வர ஃபோல்டரைக் குறைக்கும்போது தம்புராவும் சேர்ந்து குறைகிறது என்றால், தம்புரா ட்ராக் தவறுதலாக அந்த ஃபோல்டருக்குள் விழுந்திருக்கிறது. ஃபோல்டருக்குள் ஒரு ட்ராக்கைத் தெரிவு செய்தபடி புதிய ட்ராக் போட்டால் அது அங்கேயே உட்காரும். இடது பக்கம் பெயர் சற்று உள்ளே தள்ளியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். இழுத்து வெளியே விடுங்கள்.

‘ட்ராக்கையே காணேல்லை’

அழிந்துவிட்டது என்று முடிவெடுத்துத் திரும்பப் பாட வைக்காதீர்கள். இதில் எனக்கே ஒரு பாடம் உண்டு. ஒருமுறை ஓர் ஊர்க் கோவில் தேருக்கான பாட்டு. பின்னேரம் எட்டு மணிக்குத் திறந்தால் முழுப் பாட்டும் ஊமை. வயர், டிரைவர், சவுண்ட் கார்ட், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டிப் பதினொரு மணியாகிவிட்டது. பாடகர் திண்ணையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக் குடித்துக் குரல் ஓய்ந்து போனார். கடைசியில் கண்டது இதுதான்: பழைய சுருதிப் பெட்டிப் பதிவு ஒன்றை வேண்டாமென்று வெட்டிவிட்டு, வெறும் ட்ராக்கை மறைத்து வைத்திருந்தேன். மறைக்க முன் அதில் சோலோ போட்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்று ட்ராக் மற்ற எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்தது.

அன்றிலிருந்து முதலில் கேள்விக்குறி விசையை அழுத்தி ரீப்பரின் ஆக்‌ஷன் பட்டியலைத் திறந்து, ‘அன்சோலோ ஆல் ட்ராக்ஸ்’ என்பதை ஓட்டுவேன். பிறகு வியூ மெனுவில் ட்ராக் மனேஜர். மறைந்தவை, மறையாதவை எல்லாம் அங்கே ஒரே பட்டியலாக வரும். இடது பக்கப் பட்டியலில் தெரிவதும் மிக்சரில் தெரிவதும் வெவ்வேறு அடையாளங்கள் என்பதைக் கவனியுங்கள். மிக்சரில் இருக்கிறது, இடது பட்டியலில் இல்லை என்றால் அந்த ஓர் அடையாளம்தான் போயிருக்கிறது. ஃபோல்டரின் சிறிய அம்புக்குறி பட்டு உள்ளே உள்ளவை முழுக்கச் சுருங்கிப் போவதும் உண்டு. கியூபேஸில் இடது பக்க விசிபிலிட்டிப் பட்டியலையும், லொஜிக்கில் ‘எச்’ பொத்தானையும் பாருங்கள்.

திரும்ப இப்படி ஆகாமலிருக்க வரிசை ஒன்றை நிலையாக வைத்துக்கொள்வதே வழி. என் வரிசை கச்சேரி மேடையைப் போலத்தான். மேலே சுருதி. அதன் கீழே தாளம்: தவில், மிருதங்கம், கஞ்சிரா, தாளக்கட்டை. பிறகு நாதஸ்வரம், வயலின், குழல், கீபோர்ட். கடைசியில் குரல், அதன் கீழ் கோரஸ். ஒவ்வொரு கூட்டமும் ஒரு ஃபோல்டர், ஒரு நிறம். எந்தப் பாட்டிலும் இந்த வரிசையை மாற்றுவதில்லை. இரவு இரண்டு மணிக்குக் கண் சொக்கினாலும் சிவப்பு என்றால் தவில் என்று கை தானாகப் போகும். இதை வெறும் ட்ராக்குகளோடு டெம்பிளேட்டாகச் சேமித்துவிட்டால் அடுத்த பாட்டுக்கு ஒரு நிமிட வேலை.

‘கோப்பைக் காணேல்லை எண்டு சொல்லுது’

எனக்கு மிகக் கவலை தருவது இதுதான். ஏனென்றால் இதில்தான் உண்மையாகவே பாட்டுகள் தொலைகின்றன. புரொஜெக்ட் கோப்புக்குள் ஒலி இல்லை. எந்த ஒலி எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே அதில் இருக்கிறது. பென்ட்ரைவில் கொண்டுவந்த வயலினை அங்கிருந்தே இழுத்துப் போட்டால், பென்ட்ரைவைக் கழற்றிய அன்றைக்கு வயலின் போய்விடும். டெஸ்க்டொப்பில் கிடந்த கோப்பை ‘துப்புரவாக்கினால்’ அதுவும் போய்விடும்.

கோப்பு கணினியில் எங்கேயோ இருக்கிறது, இடம்தான் மாறிவிட்டது என்றால் ரீப்பர் திறக்கும்போதே தேடச் சொல்லிக் கேட்கும். சரியான ஃபோல்டரைக் காட்டலாம். நூறு கோப்பு ஒரே மாதிரி இடம் மாறியிருந்தால் வேறொரு வழி இருக்கிறது. ரீப்பரின் புரொஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. அதற்கு ஒரு கொப்பி எடுத்து வைத்துவிட்டு நோட்பாட்டில் திறந்தால், ‘ஃபைல்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும் வரிகளில் பழைய முகவரிகள் அப்படியே தெரியும். பழைய டிரைவ் எழுத்தைப் புதியதாக ஒரேயடியாக மாற்றிச் சேமித்தால் எல்லாம் உயிர் பெறும்.

இன்னொன்று தமிழில் பெயர் வைப்பவர்களுக்கே வருவது. ஃபோல்டரில் ‘கோரஸ்’ என்ற கோப்பு கண்முன்னே இருக்கும், மென்பொருளோ ‘கோரஸ்’ இல்லை என்று அடித்துச் சொல்லும். யுனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். ‘ஓ’காரக் குறியை ஒரே எழுத்தாக வைப்பது ஒன்று, இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், விண்டோஸுக்கு இரண்டும் வேறு பெயர். பழைய மக் கணினிகளின் டிஸ்க் அமைப்பு பெயர்களைப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து வந்த கோப்பு இங்கே பொருந்தாமல் போவது அதனால்தான். கொ, கோ, கௌ வரும் எல்லாப் பெயருக்கும் இந்த ஆபத்து உண்டு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டிய பெயர்கள் அதைவிட மோசம். மற்றவர் கணினியில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். பாமினியில் ‘ஈ’க்கு வரும் குறியை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்கவே மாட்டாது.

தமிழில் பெயர் வைப்பதை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. ட்ராக்கின் பெயர் தமிழிலேயே இருக்கட்டும், அது நாம் வாசிப்பதற்கு. டிஸ்க்கில் இருக்கும் கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருக்கட்டும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரீப்பர் ஒலிப்பதிவு செய்யும்போது ட்ராக்கின் பெயரையே கோப்புக்கும் வைக்கும். ஆகவே பதிவு முடியும்வரை ஆங்கிலப் பெயர், பிறகு தமிழ்ப் பெயர்.

தொலையாமல் வைக்க, ரீப்பரில் சேமிக்கும்போது ‘சேவ் அஸ்’ போய், எல்லா மீடியாவையும் புரொஜெக்ட் ஃபோல்டருக்குள் கொப்பி செய்யும் கட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். ஏபிள்டனில் ‘கலெக்ட் ஆல் அண்ட் சேவ்’, எஃப்எல்லில் எக்ஸ்போர்ட்டுக்குள் ‘ஸிப்ட் லூப் பக்கேஜ்’, கியூபேஸில் ‘பிரிப்பெயர் ஆர்க்கைவ்’. இடம் எவ்வளவு பிடிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், மொனோ என்றால் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட். ஐந்து நிமிடப் பாட்டில் 20 ட்ராக் இருந்தாலும் 864 மெகாபைட்தான். ஒரு சின்னப் பென்ட்ரைவில் அடங்கும்.

‘ரொறன்ரோவில இருந்து வந்த குரல் சேருதில்லை’

இங்கே இசை, அங்கே குரல் என்பது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது. பெரியம்மாவின் மகள் ரொறன்ரோவில் இருந்து பாடி அனுப்புகிறாள்; போட்டுப் பார்த்தால் பொருந்தவில்லை. என்ன மாதிரிப் பொருந்தவில்லை என்று முதலில் காதால் பிரியுங்கள்.

சுருதியும் வேகமும் இரண்டும் மாறியிருந்தால் சாம்பிள் ரேட் (ஒரு செக்கனில் ஒலியை எத்தனை தடவை அளக்கிறது என்பது) கோளாறு. 44.1 கிலோஹேர்ட்ஸில் பதிந்ததை 48 என்று நினைத்து ஓடவிட்டால் நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 செக்கனில் முடிந்துவிடும். சுருதி ஏறத்தாழ முக்கால் கட்டை கூடி நிற்கும். ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதோடு சேராது. அதுதான் இந்தக் கோளாறின் முகம். மறுபக்கமாக நடந்தால் பாட்டு 4 நிமிடம் 21 செக்கனுக்கு நீளும். கோப்பை இழுத்துப் போடும்போது மாற்றட்டுமா என்று மென்பொருள் கேட்டால் ‘கொன்வேர்ட்’ என்பதையே அழுத்துங்கள். சுருதி திருத்தும் பிளகின் போட்டு இதை மூடி மறைக்க வேண்டாம், குரல் நாசமாகும்.

வேகம் மட்டும் மாறி, சுருதி சரியாக இருந்தால் புரொஜெக்ட்டின் டெம்போவைத் தொட்டிருக்கிறீர்கள். ரீப்பரில் ட்ராக்கின் டைம்பேஸ் ‘பீட்ஸ்’ஸில் இருந்தால் டெம்போவை மாற்றும்போது துண்டும் இழுபடும். குரல் ட்ராக்கை ‘டைம்’ என்பதற்கு மாற்றிவிட்டுப் பிறகு டெம்போவைத் தொடுங்கள்.

இரண்டும் சரி, ஆனால் முழுவதும் ஒரே அளவில் பிந்துகிறது என்றால் தொடக்கப் புள்ளி பிசகியிருக்கிறது. நீங்கள் அனுப்பியது எம்பி3 என்றால் அந்த முறையே முன்னால் சிறு வெற்றிடம் ஒன்றைச் சேர்க்கும். அது 25 மில்லிசெக்கன் அளவுக்கு வரலாம். தாளத்தில் ஊறிய காதுக்கு அது தெரியும். நான் இப்போது வேவ் கோப்பையே வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புகிறேன். ஓடியோவாக அனுப்பினால் சுருக்கப்படலாம். தொடக்கத்தில் இரண்டு ஆவர்த்தனம் தாளக்கட்டை வைத்து, அதோடு சேர்த்து மைக்குக்கு முன்னால் மூன்று கைதட்டச் சொல்கிறேன். திரும்பி வரும் குரலில் அந்தக் கைதட்டின் அலைமுனையைத் தாளக்கட்டையின் அலைமுனையோடு ஒட்டினால் போதும். வரிக்கு வரி வெட்டி அனுப்ப வேண்டாம், பாட்டின் பூச்சியத்திலிருந்து ஒரே துண்டாக அனுப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருபத்தாறு துண்டு குரலை ஒவ்வொன்றாக இடம் தேடி வைப்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையே போகும்.

‘இஞ்ச வெட்டினா அங்க நகருது’

ரீப்பரில் ரிப்பிள் எடிட் (ஒன்றை வெட்டினால் பின்னால் உள்ளவையும் நகரும் முறை) போட்டிருக்கிறது. ஆல்ட்டும் ‘பி’யும் அழுத்த அழுத்த, ஓஃப், ஒரு ட்ராக், எல்லா ட்ராக் என்று சுற்றும். ஓஃபில் விடுங்கள். நகர்வது ஒன்றிரண்டு துண்டு மட்டும் என்றால் அவை குழுவாகக் கட்டப்பட்டிருக்கின்றன. தெரிவு செய்து ‘யு’ அழுத்தினால் அவிழும். பல மைக்கில் பதிந்த தவிலின் குழுவை மட்டும் அவிழ்க்காதீர்கள். ஒன்று நகர்ந்து மற்றது நின்றால் பிறகு சேர்ப்பது பெரும் பாடு.

‘தனித்தனியா நல்லா இருக்கு, சேர்ந்தா சிவக்குது, அல்லது மெலியுது’

மீற்றர் சிவந்தால், அதாவது ஒலி எல்லை மீறினால், முதல் சந்தேகம் இரட்டைத் துண்டு. கொண்ட்ரோலை அழுத்தியபடி இழுத்ததில் அதே குரலின் கொப்பி வேறு ட்ராக்கில் அதே இடத்தில் கிடக்கலாம். ஒரே ஒலி இரண்டு தடவை சேர்ந்தால் 6 டெசிபெல் கூடும். உறுதிசெய்ய வேண்டுமென்றால், இரண்டு ட்ராக்கின் ஃபேடரும் ஒரே அளவில் இருக்க, பிளகின்களை ஓஃப் செய்து, ஒன்றின் ஃபேஸ் பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) அழுத்துங்கள். முழு மௌனம் என்றால் இரண்டும் ஒன்றே, ஒன்றை எடுத்துவிடலாம். இரட்டை இல்லையென்றால் மாஸ்டரைக் குறைத்துத் தப்பாமல் எல்லா ட்ராக்கையும் தெரிவு செய்து ஒரே அளவு கீழே இறக்குங்கள்.

மெலிவு வேறு விஷயம். தவிலின் வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக். தனியே கேட்டால் இரண்டும் நெஞ்சில் அடிக்கிறது, சேர்த்தால் தகரம் மாதிரி. ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் போகிறது. ஒரு மைக் மற்றதைவிட அவ்வளவு தூரத்தில் இருந்தால் 500 ஹேர்ட்ஸ் பகுதி ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு மைக்கின் ஃபேஸைத் திருப்பிக் கேளுங்கள். எந்தப் பக்கம் அடிநாதம் தடிக்கிறதோ அதை வையுங்கள். அதன் பிறகே ஈக்கியூ (அடிநாத, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது). இணுவிலிலும் அளவெட்டியிலும் தவில் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை, இதை விட்டுக்கொடுக்கக்கூடாது.

‘கணினி இழுக்குது, விக்குது’

வேலை முடிந்த ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது பிளகின் வேலையையும் சேர்த்து ஒலியாகவே பதிந்து வையுங்கள். ரீப்பரில் ட்ராக் மெனுவில் ரெண்டர் பகுதிக்குள் இருக்கிறது, பிறகு அன்ஃப்ரீஸும் செய்யலாம். எட்டுக் குரல் ட்ராக்கில் எட்டு ரிவேர்ப் போடாமல் ஒரு பஸ்ஸில் ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் அதற்கு அனுப்புங்கள். பதிவின்போது பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை) குறைத்தும், மிக்ஸ் செய்யும்போது கூட்டியும் வையுங்கள்.

‘கரண்ட் போச்சு, நேற்றையான் வேலையும் போச்சு’

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது இதைக் கிழமைக்கு இரண்டு தடவை கேட்டேன். புரொஜெக்ட் திறக்க மறுத்தால் அதையே திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ரீப்பர் என்றால் அதே ஃபோல்டரில் அதே பெயரோடு, முடிவில் ‘பாக்’ (bak) என்ற மூன்று ஆங்கில எழுத்துச் சேர்ந்த கோப்பு ஒன்று இருக்கும். கடைசியாகச் சேமிக்க முன் இருந்த நிலை அது. அதைக் கொப்பி எடுத்து, வாலை நீக்கித் திறவுங்கள். திறந்தவுடன், ஒன்றையும் தொடமுன், திகதியோடு புதுப் பெயரில் சேமியுங்கள். பிறகு பிரிஃபரன்ஸஸில் புரொஜெக்ட் பகுதிக்குப் போய், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் குறித்த கோப்பாகத் தானே சேமிக்கும்படி போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மிருதங்கத்தைத் தொடங்குங்கள்.